பெயரில்லாத சீசா வேண்டாம்

கூண்டுப் பறவைகளின் பேன், செல் தொல்லை குறித்துத் தமிழ்நாட்டில் பறவை வளர்ப்போர் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பார்வைக்கு: கால்நடைப் பராமரிப்புத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாநில விலங்கு நல வாரியம், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், பறவைக் கடைக்காரர்கள், கூடவே, பறவை வளர்க்கும் நாங்களும்.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் மொட்டைமாடியில் புறா விடுகிறவர்கள் எங்களில் உண்டு. அடுக்குமாடி பால்கனியில் ஒரு ஜோடி காக்டெயில் வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர்கள் உண்டு. லவ் பேர்ட்ஸ் (பட்ஜி) குஞ்சு எடுத்துக் கடைக்குக் கொடுத்து, அந்தக் காசில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் பெண்கள் உண்டு. பறவையைக் கூண்டில் வைப்பதே சரியா என்று கேட்கிறவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த வழக்கை இங்கே நாங்கள் எடுக்கவில்லை. கூண்டுக்குள் ஏற்கனவே இருக்கிற உயிருக்கு அரிப்பெடுக்கிறது. அதைப் பற்றியதே இந்தச் சாசனம்.

பறவைக்கு வரும் தொல்லைகளில் பேனும் செல்லும் (மைட்ஸ் என்பார்களே, அந்த நுண்ணிய உண்ணி) எளியவை. சில கண்ணுக்கே தெரியும். மற்றவை சாதாரண நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படும், செலவும் பெரிதில்லை. அப்படியிருந்தும் எங்கள் பறவைகள் சாகின்றன. பூச்சியால் செத்தது பாதி, பூச்சிக்கு விட்ட மருந்தால் செத்தது பாதி என்று எங்களுக்குள் பேசிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை இருக்கிறது. இன்ன பூச்சி என்று பார்ப்பதில்லை, இன்ன மருந்து என்று தெரிவதில்லை, இன்ன அளவு என்று கேட்பதில்லை. கடைக்காரர் தருகிறார், நாங்கள் விடுகிறோம். மருத்துவரிடம் போகலாம் என்றால் பறவை பார்க்கிற மருத்துவர் அடுத்த ஊரில்கூட இல்லை.

கோரிக்கைகளுக்கு முன்னால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கப்போகும் அதிகாரிகளில் பலர் மாடு, ஆடு, கோழிக்கு வைத்தியம் படித்தவர்கள். 35 கிராம் உயிருக்கு அவர்களில் அநேகர் மருந்து எழுதியிருக்க மாட்டார்கள்.

எந்தப் பூச்சி

கிராமத்தில் அடைக்கோழியின் கூடையில் மணலைக் கொட்டி, மேலே நொச்சி இலையோ சீத்தா இலையோ போட்டு வைப்பார்கள். கூடவே வைக்கும் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் இடியிலிருந்து காக்க, இலை செல்லை விரட்ட. அந்தச் செல்லின் சிவப்பு இனம் நகரத்துக் கூண்டுகளிலும் இருக்கிறது. பகலில் அது பறவையின் மேல் இருப்பதில்லை. லவ் பேர்ட்ஸ் முட்டையிடும் பானையின் கழுத்து விளிம்பு, உட்காரும் குச்சியைக் கம்பியில் மாட்டியிருக்கும் முனை, பலகைப் பெட்டியின் மூட்டு, தட்டுக்கடியில் காய்ந்த எச்சம் ஆகிய இடங்களில் சாம்பல் நிறப் பொடி மாதிரி கும்பலாக அடைந்து கிடக்கும். விளக்கணைத்ததும் ஏறி வந்து ரத்தம் குடிக்கும். சிவப்பு நிறம் குடித்த பிறகு வருவது. பகலில் பறவையைக் கையில் பிடித்து இறகை விரித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, சுத்தமா இருக்கு" என்று சொல்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதைக் கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. ராத்திரி கூண்டின் மேல் பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்துங்கள். விடிவதற்குள் எடுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய புள்ளிகள் நகர்கின்றனவா? நகத்தால் நசுக்கினால் துணியில் ரத்தக்கறை விழுகிறதா? அப்படியானால் அதுதான். நடுச்சாமத்தில் காரணமில்லாமல் கூண்டுக்குள் சிறகடிப்புச் சத்தம் கேட்கிற வீடுகளில் இந்தச் சோதனையை அன்றைக்கே செய்ய வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கம் இந்தச் செல்லுக்கு வாய்ப்பான பருவம். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முட்டை வளர்ந்து, அது தானே முட்டையிடும் நிலைக்கு வந்துவிடும். லவ் பேர்ட்ஸ் முட்டை பொரிக்க 18 நாள். குஞ்சு பானையை விட்டு வெளியே வர இன்னும் சுமார் ஐந்து வாரம். இடையில் யாரும் பானையைக் கழுவுவதில்லை, கழுவவும் முடியாது. ஒரு ஈட்டுக்குள் ஏழு தலைமுறைச் செல் அதே பானையில் பெருகிவிடுகிறது. இறகு முளைக்காத குஞ்சு ரத்தம் வற்றி வெளுத்துச் சாகும். பெட்டை அடையைவிட்டு எழுந்துவிடும். தாய் சரியாக ஊட்டவில்லை என்று பழி தாயின் மேல் விழும். காலிக் கூண்டைப் பரணில் தூக்கிப் போட்டாலும் செல் உடனே சாகாது; ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே இதற்கான வைத்தியத்தில் பறவைக்கு விடும் மருந்து சிறு பங்குதான். கொதிநீர், வெயில், புதுக் குச்சி, புதுப் பானை இவையே பெரும் பங்கு.

இதற்கு நேரெதிர் முகச்சொறி. வளர்ப்பவர்கள் ஸ்கேலி ஃபேஸ் என்பார்கள். இதன் உண்ணி கூண்டில் ஒளிவதில்லை. பறவையின் தோலுக்குள் குடைந்து, வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழிக்கிறது. முதலில் அலகின் ஓரத்தில், மூக்குத் துளைக்குக் கீழே சுண்ணாம்பு பூசியதுபோல் மெல்லிய வெளுப்பு. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வெளுப்பு முழுக்க ஊசி குத்தியதுபோன்ற நுண்துளைகள். பிறகு அது தடித்துத் தேனடை மாதிரி பொருக்காகிறது. கண் ஓரம், கால், எச்சவாய் வரை பரவுகிறது. அலகின் அடிப்பகுதியைக் குடைந்துவிட்டால் அலகு கோணலாக வளரத் தொடங்கும். பிறகு பூச்சியை ஒழித்தாலும் கோணல் கோணல்தான். கடையில் காட்டினால், "கால்சியம் கம்மிம்மா, கடல்நுரை வாங்கி மாட்டுங்க" என்பது வழக்கமான பதில். கடல்நுரை நல்லது, மாட்டுங்கள். முகச்சொறி அதனால் போகாது.

மூன்றாவது பேன். தட்டையான உடல், இறகுக்குள் ஓடும், பெரும்பாலும் இறகையும் தோல் பொடியையும் தின்னும். முட்டைகளை இறகின் அடித்தண்டில் ஒட்டிவைக்கும். பறவையைவிட்டு விழுந்தால் சில நாள்தான் உயிர். இது மனிதர் தலையில் குடியேறுமோ என்று பயந்து கூண்டையே தானம் கொடுத்த வீடுகள் உண்டு. குடியேறாது. (சிவப்புச் செல் மனிதரையும் கடிக்கும், தடிப்பு வரும், அதுவும் நம் உடம்பில் தங்கிப் பெருகாது.) நல்ல ஆரோக்கியமான பறவை பேனைத் தானே அலகால் கோதி எடுத்துவிடும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேல் கிளேட்டனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் புறாவின் மேலலகு நுனியில் துருத்தியிருக்கும் சிறு கொக்கியை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். பறவை எப்போதும்போல் தின்றது. ஆனால் பேன் பெருகிவிட்டது. 2005-ல் வெளியான ஆய்வு இது. உடம்பெல்லாம் பேன் மொய்க்கும் பறவையைக் கண்டால் முதலில் அலகைப் பார்க்க வேண்டும், பிறகு உடல்நிலையை. பேன் அங்கே விளைவு. காரணம் வேறெங்கோ இருக்கும்.

பிஞ்சஸ், கேனரி வளர்ப்பவர்களுக்கு நான்காவதாக ஒன்று: மூச்சுக்குழலிலும் காற்றுப்பைகளிலும் வாழும் உண்ணி. பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கும், 'டிக் டிக்' என்று சத்தம் வரும், பாட்டு நின்றுபோகும். சளி என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலக்குவார்கள்.

இவை எதுவுமே இல்லாமலும் பறவை இறகைப் பிய்த்துக்கொள்ளும். தனிமை, சத்துக் குறைவு, வைரஸ் நோய் என்று காரணங்கள் பல. இறகுதிர் காலத்தில் முளைக்கும் வெள்ளை முள்ளிறகைப் பார்த்துப் பேன் முட்டை என்று மருந்தடித்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். பார்க்காமல் மருந்து வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மருந்து விற்போரிடமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும்

எங்கள் தலையாய கோரிக்கை இது. பறவைக் கடைகளில் 'மைட்ஸ் டிராப்ஸ்' என்று சின்ன பிளாஸ்டிக் சீசா கிடைக்கிறது. பெரிய குப்பியிலிருந்து ஊற்றி நிரப்பியது. மேலே ஒட்டுக் காகிதம் கிடையாது. இருந்தாலும் ஒரு கிளிப் படமும் விலையும்தான். உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம், எதில் கலந்தது, எப்போது காலாவதி என்று ஒரு சொல்லும் இல்லை. "கழுத்துக்குப் பின்னாடி ஒரு சொட்டு விடுங்க, சரியாயிடும்" என்பதே மருந்துச் சீட்டு.

கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். பெரும்பாலும் அந்தச் சீசாவில் இருப்பதாகச் சொல்லப்படுவது ஐவர்மெக்டின். நல்ல மருந்து, இதைக் கண்டறிந்த வில்லியம் கேம்பலுக்கும் சதோஷி ஓமுராவுக்கும் 2015-ல் நோபல் கிடைத்தது. பறவைக்குப் பொதுவாகக் கொடுக்கும் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். லவ் பேர்ட்ஸ் ஒன்று 35 கிராம் இருக்கும். அதற்கு வேண்டியது 0.007 மில்லிகிராம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிற 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் ஒரு சொட்டில் 0.5 மில்லிகிராம். கழுத்தில் விடும் அந்த ஒரே சொட்டு, பறவைக்கு வேண்டியதைப்போல் 70 மடங்கு. கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் 12 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கியவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு மாத்திரை சுமார் 1,700 லவ் பேர்ட்ஸுக்கான மருந்து.

70 மடங்கு விட்டும் பிழைக்கிற பறவை உண்டு. தோல் வழியே போவது எவ்வளவு, இறகில் வழிந்து வீணாவது எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. அப்படிப் பிழைத்த ஒன்றைக் காட்டித்தான் அடுத்த சீசா விற்கப்படுகிறது. பிழைக்காத பறவை கடைக்குத் திரும்பி வந்து சாட்சி சொல்வதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது: மருந்தின் பெயர், செறிவு, தயாரிப்பாளர், காலாவதி நாள் அச்சிடாத எந்தச் சீசாவும் பறவைக் கடையில் விற்கப்படக் கூடாது. மருந்து விற்க உரிமம் வேண்டும் என்பது நாங்கள் புதிதாகக் கேட்பதல்ல. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-லிருந்து இருக்கிறது. ஆய்வாளர்கள் மருந்துக்கடைக்குப் போகிறார்கள், பறவைச் சந்தைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளுக்கு ஒருமுறை வரட்டும். எடுத்த மாதிரிகளைச் சோதித்து, எதில் என்ன இருந்தது என்று முடிவை வெளியிடட்டும்.

தடை செய்வதோடு நின்றுவிட்டால் கள்ளச் சீசாதான் பெருகும். சரியான மருந்து கிடைக்க வேண்டும். பிரிட்டனில் கூண்டுப் பறவைக்கென்றே நீர்த்த ஐவர்மெக்டின் சொட்டு மருந்தை எடைவாரி அளவு அச்சிட்டு விற்கிறார்கள். சிறு செல்லப்பிராணிகளின் மருந்துகளுக்கென்று அங்கே தனி விதிவிலக்குத் திட்டமே இருக்கிறது. கோழி மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் நிறைய. அவற்றில் ஒன்றிரண்டாவது சிறு பறவைக்கான செறிவில் 5 மில்லி சீசாவைத் தயாரிக்க வேண்டும். அனுமதி தருவதில் அரசு தாமதிக்கக் கூடாது. முட்டைக்குள் இருக்கும் பூச்சியை இந்த மருந்து கொல்லாது, ஆகவே 10 முதல் 14 நாளில் மறுபடி விட வேண்டும் என்பதைத் தமிழில், படிக்க முடிகிற அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். பாதிப் பேர் முதல் சொட்டோடு நிறுத்துகிறோம். மூன்றாம் வாரம் பூச்சி திரும்பியதும் மருந்து வேலை செய்யவில்லை என்று இரண்டு மடங்கு விடுகிறோம்.

கூண்டின்மேல் மாட்டுகிற மணமுள்ள வில்லைகளையும் பாச்சா உருண்டையையும் பறவைக்கான பொருள் என்று விற்பதை நிறுத்த வேண்டும். காற்று பறவையின் நுரையீரல் வழியாகப் போய், உடம்பு முழுக்க இருக்கும் காற்றுப்பைகளிலும் நிறைகிறது. நமக்கு லேசான நெடியாகத் தெரிவது அதற்கு விஷம். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் 'கொஞ்சமா' கலந்து கூண்டோடு தெளிப்பதும், கரப்பான் ஸ்பிரேயைப் பானைக்குள் அடிப்பதும் இதே கதைதான்.

குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2017-ஐ நினைவூட்டுகிறோம். நெதர்லாந்து, பெல்ஜியம் கோழிப்பண்ணைகளில் இதே சிவப்புச் செல்லை ஒழிக்க, யூகலிப்டஸ் மணமுள்ள இயற்கை மருந்து என்று சொல்லி ஒன்றைத் தெளித்தார்கள். அதில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. பல நாடுகளின் கடைகளிலிருந்து முட்டைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அங்கே முட்டையில் சோதனை நடந்தது, மாட்டினார்கள். எங்கள் மொட்டைமாடியில் லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குப் பக்கத்திலேயே நாட்டுக்கோழியும் இருக்கிறது. அதன் முட்டையைப் பிள்ளைகளுக்குத்தான் அவித்துக் கொடுக்கிறோம்.

பறவைக் கடைக்காரர்களிடம்

நீங்களும் பறவைகளோடு பொழுதெல்லாம் இருக்கிறவர்கள். உங்களில் சிலர் எங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். இருந்தாலும் சொல்கிறோம். ஒரே கூண்டில் நாலு பண்ணையிலிருந்து வந்த பறவைகளை ஒன்றாக அடைத்துவைப்பதுதான் முகச்சொறி ஊர் ஊராகப் போவதற்கு முதல் வழி. பண்ணைவாரியாகப் பிரித்துவையுங்கள். முகத்தில் வெளுப்பு தெரிகிற பறவையை விற்காதீர்கள். விலை குறைத்தும் விற்காதீர்கள். அழகுக்காக அலகு நுனியை நகவெட்டியால் வெட்டாதீர்கள். விற்ற குஞ்சோடு பழைய பானையை இலவசமாகக் கொடுக்கும் தாராளமும் வேண்டாம்.

செல்லப்பிராணிக் கடை விதிகள் 2018-லேயே வந்துவிட்டன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதியாத கடை நடக்கக் கூடாது. பதிவெண்ணைக் கடைப் பலகையில் எழுதிவைக்கச் சொல்லி வாரியம் கட்டாயப்படுத்த வேண்டும். வாங்குகிறவர் எங்கே புகார் சொல்வது என்ற எண்ணும் அதே பலகையில் இருக்கட்டும்.

கால்நடைப் பராமரிப்புத் துறையிடமும் பல்கலைக்கழகத்திடமும்

சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. பறவையைத் தூக்கிக்கொண்டு போனால் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை உண்டு. விருதுநகரிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவர் எங்கே போவார்? ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போனால் சினை ஊசிக்கும் சீம்பாலுக்கும் நடுவில் மருத்துவருக்கு மூச்சுவிட நேரமில்லை. அட்டைப்பெட்டியில் லவ் பேர்ட்ஸோடு நிற்கிறவரைப் பார்த்து வரிசையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். மருத்துவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் ஒரு கிராம் துல்லியத்தில் எடை பார்க்கும் தராசு இல்லை, அந்த எடைக்கு நீர்த்துக் கொடுக்க மருந்தும் இல்லை.

எனவே மாவட்டத்துக்கு ஒரு கால்நடைப் பெருமருத்துவமனையிலாவது வாரத்தில் அரை நாளைப் பறவைக்கு ஒதுக்குங்கள். அங்கே டிஜிட்டல் தராசு ஒன்று போதும்; அது சமையலறைத் தராசாகவே இருக்கலாம். பொருக்கைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க ஒருவருக்குப் பயிற்சி கொடுங்கள். எண்ணெயில் தோய்த்த சின்னச் சுரண்டல் பத்து நிமிட வேலை. எட்டுக்கால் உருண்டை உண்ணி தெரிந்துவிட்டால் அதற்குமேல் ஊகம் வேண்டாம். பிஞ்சஸைப் பொறுத்தவரை, இருட்டறையில் கழுத்து இறகை ஈரப்படுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மூச்சுக்குழலில் கரும்புள்ளிகளாகத் தெரியும் என்பதையும் கற்றுத்தாருங்கள். சிறு பறவைக்கு ஐவர்மெக்டினை ஊசியாகக் குத்துவது ஆபத்து என்பதை மருத்துவர்களுக்கே சுற்றறிக்கையாக அனுப்பினால் நல்லது.

பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் துறைகளிடம் ஒன்று கேட்கிறோம். நொச்சியும் வேப்பெண்ணெயும் வசம்பும் செல்லுக்குக் கேட்குமா கேட்காதா என்பதை நம் ஊர்க் கூண்டுகளில், நம் ஊர்ச் செல்லின் மேல் சோதித்துச் சொல்லுங்கள். எங்கள் பாட்டிமார் சொன்னது முழுக்கச் சரி என்று நாங்கள் வாதாட வரவில்லை. வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினால் பறவை சுகமாகக் கோதிக்கொள்கிறது. முகச்சொறி மட்டும் அதில் போனதில்லை. எண்ணெயை முகப் பொருக்கில் பஞ்சுக் குச்சியால் தொட்டுவைத்தால் பொருக்கு இளகும், இறகில் வழிந்தால் பறவை குளிரில் விறைக்கும். எது வரை கைவைத்தியம், எங்கிருந்து மருத்துவர் என்ற கோட்டை நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும்.

பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் இரண்டு வாரம் ஊர் ஊராக நடக்கிறது. கோழியைக் கையில் பிடிக்கத்தான் போகிறீர்கள். அப்போதே எச்சவாயைச் சுற்றியும் சிறகடியிலும் இறகை ஊதிப் பாருங்கள். செல் இருந்தால் சொல்லுங்கள். ஒரு பக்கத் தாளில், படத்தோடு, அடைக்கூடையையும் கூண்டையும் எப்படிச் சுத்தம் செய்வது என்று அச்சிட்டுக் கொடுங்கள்.

பச்சைக்கிளி வீடுகளைப் பற்றி

இதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. பச்சைக்கிளியும் மைனாவும் சில்லையும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வைக்கக் கூடாது. அப்படி வைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை, எங்கள் நடுவில் வைத்திருப்பவர்களிடமும் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறோம். ஆனால் வைத்திருப்பவர் பயத்தால் மருத்துவரிடம் காட்டுவதே இல்லை. கிளி இறகெல்லாம் உதிர்ந்து, தோல் சிவந்து, கூண்டின் மூலையில் சுருண்டு கிடக்கிறது. நோயுற்ற பறவையைத் தானாக முன்வந்து வனத்துறையிடம் ஒப்படைக்கிறவரிடம், வழக்கு என்று மிரட்டாமல் வாங்கிக்கொள்ளும் நடைமுறையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கங்களிடம்

ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா கூடு கட்டுகிறது. குஞ்சு பறந்ததும் கூட்டிலிருக்கும் செல் பசியெடுத்து ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. பக்கத்தில் தொங்கும் கூண்டுக்கும் ஏறுகிறது. குஞ்சு பறந்த பின் கூட்டை எடுத்து, இடத்தைக் கழுவி, வலை அடியுங்கள். முட்டையும் குஞ்சுமாக இருக்கும்போது கலைக்காதீர்கள்.

நாங்கள் ஒத்துக்கொள்வது

மற்றவர்களிடம் இத்தனை கேட்டுவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. புதிதாக வாங்கிய பறவையை 30 நாள் தனிக் கூண்டில், வேறு அறையில் வைப்போம். அதற்குத் தினையும் தண்ணீரும் கடைசியாக வைத்துவிட்டுத்தான் கை கழுவுவோம். பொறுமை இல்லாமல் முதல் நாளே ஜோடி சேர்த்துவிடும் பழக்கம் எங்களிடம் ஊறிப்போனது. இதை எழுதும்போதே சிலர் முணுமுணுக்கிறார்கள்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் பானையை மாற்றுவோம். மண்பானை விலை மலிவு; பழையதை உடைத்துவிடுவதே மேல். பலகைப் பெட்டி என்றால் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவைத்துப் பிறகு மாட்டுவோம். குச்சிகளை மாதம் ஒருமுறை புதுக் கொய்யாக் கிளையாக மாற்றுவோம். கூண்டு, பானை, குச்சி எதையும் இரவல் வாங்குவதில்லை, கொடுப்பதுமில்லை. குளிக்க அகலத் தட்டில் தண்ணீர் வைப்போம். பேனை விரட்டும் முதல் ஆள் பறவையே. புறாக்காரர்கள் இறகுக்குள் ஓடும் தட்டையான ஈயையும் கவனிப்பார்கள். அது பேனல்ல, புறாவுக்கு மலேரியா மாதிரி ஒரு ரத்த நோயைக் கொண்டுவருவது. பந்தயத்துக்கு விடும் புறா வேறொருவர் மாடியில் இறங்கித் திரும்பி வந்தால், அன்றிரவு அது தனியாகத்தான் அடையும்.

எடை பார்க்காமல் எந்த மருந்தும் விடமாட்டோம். பெயரில்லாத சீசாவை வாங்கமாட்டோம்; ஏற்கனவே வீட்டிலிருப்பதை ஊற்றிவிடாமல் பத்திரமாக வைத்து, சோதனைக்குக் கேட்டால் கொண்டுவந்து கொடுப்போம்.

இந்தச் சாசனத்தில் கேட்ட எல்லாம் ஒரே நாளில் நடக்காது என்பது தெரியும். தராசுக்கும் பயிற்சிக்கும் வாரத்தில் அரை நாளுக்கும் அடுத்த பிப்ரவரி முகாம் வரை பொறுத்திருப்போம். சிறு பறவைக்கான சரியான மருந்து சந்தைக்கு வர இன்னும் ஓராண்டு பிடித்தாலும் சரி. சீசாவின்மேல் பெயர் எழுதுவதற்கு மட்டும் தவணை கொடுக்க மாட்டோம். சட்டம் ஏற்கனவே 80 ஆண்டுக்குமேல் தவணை கொடுத்துவிட்டது.